கீழ்த்தட்டில் இருந்த நான்கு பைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, தலைமைச் செவிலியர் அவர்களே, கொடையாளர் சங்கத் தலைவர் அவர்களே, நாம் நினைவுகூரக் கூடியிருக்கும் மனிதரின் துணைவியாராக முன்வரிசையில் இருக்கும் அம்மா அவர்களே, அவர் பெற்ற இரண்டு பெண்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் கொடையாளர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் துணிக்கிடங்குத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அவரைப் புகழ்ந்தார்கள். ஒரு சொல்கூட மிகையில்லை. எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூடுதலாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடமாக இந்த இரத்த வங்கியின் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். எந்தக் கூட்டத்திலும் நான் நேரத்தை மீறியதில்லை. இன்று மீறப் போகிறேன். ஏனென்றால், இந்த மனிதரின் பணிப்பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. 'கவனக்குறைவால் அரிய வகை இரத்தம் நான்கு பைகள் வீணாகக் காரணமானவர்' என்று எழுதியிருக்கிறது. அந்த வரி பொய். அது பொய் என்பது, அதை எழுதிய அன்றைக்கே எனக்குத் தெரியும். அதை உங்கள் முன் சொல்லாமல் இந்த மைக்கை விட்டு நகர மாட்டேன்.

அவருடைய பதவியின் பெயர் கொடையாளர் தொடர்பு அலுவலர். எத்தனை பேருக்கு அது தெரியும்? ஊருக்கெல்லாம் அவர் விடாக்கண்டர்! யார் வைத்த பெயர்? அவரிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் வைத்த பெயர். ஒரு வங்கி மேலாளர் இருந்தார். இருந்தார் என்ன, இருக்கிறார், இதோ நான்காவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். அவருக்கு இவர் போன் செய்தார். மேலாளரின் மனைவி எடுத்தார். "அவர் குளிச்சிட்டு இருக்காருங்க." இவர் என்ன சொன்னார் தெரியுமா? "குளிக்கட்டும்மா, ஒண்ணும் அவசரமில்ல. நான் லைன்லயே இருக்கேன்." இருபது நிமிடம் லைனிலேயே இருந்தார்! கடைசியில், குளிக்கவே போகாத அந்த மனிதர் வந்து போனை வாங்கினார். "யோவ், நீ என்ன விடாக்கண்டனா?" என்றார். "ஆமா சார். நீங்க கொடாக்கண்டனா இருந்தா நான் வேற என்ன பண்றது?" என்றார் இவர். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேலாளர் எங்கள் கட்டிலில் படுத்திருந்தார். இன்றுவரை வருகிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன், வீட்டார் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த விடாக்கண்டருக்கு ஊசி என்றால் பயம்! ஐம்பத்தெட்டு முறை இரத்தம் கொடுத்தவர். ஐம்பத்தெட்டு முறையும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "குத்தியாச்சா? குத்தியாச்சா?" என்று கேட்டவர். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் சிரித்தால், "சிரிக்காதீங்க, உங்களுக்கு பயமில்ல, அதனால நீங்க குடுக்கிறது ஈசி. என்னோடதுதான் பெரிய விஷயம்" என்பார்.

கல்லூரிகளுக்குப் போவார். சொற்பொழிவு ஆற்ற மாட்டார். வகுப்பில் நூறு பேர் இருந்தால் பதினாறு பேரை எழுப்பிச் சன்னல் பக்கம் நிறுத்துவார். நூறு தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோயிருப்பார். நாற்பதை அந்தப் பதினாறு பேரிடம் கொடுப்பார். மிச்சம் அறுபதை எண்பத்து நான்கு பேருக்கு நடுவில் வைத்துவிட்டு, "எடுத்துக்கோங்க" என்பார். தள்ளுமுள்ளு நடக்கும். கைக்கு எட்டியவருக்குப் பாட்டில், எட்டாதவருக்கு ஒன்றுமில்லை. "இதுதாம்மா உலகம்" என்பார். "உலகத்துல சேர்ற ரத்தத்துல ஏறக்குறைய நூத்துக்கு நாப்பது, வசதியான நாடுகள்ல சேருது. அங்க இருக்கிறது நூத்துக்குப் பதினாறு பேர். அங்க ரத்தம் ஏத்திக்கிறது பெரும்பாலும் அறுபது வயசு தாண்டினவங்க. வசதியில்லாத நாடுகள்ல யார் தெரியுமா? பாதிக்குப் பாதி, அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்க. அப்புறம் பிரசவத்துக்குப் போற பொண்ணுங்க."

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள், "அப்ப அவங்ககிட்ட வாங்கிக்கலாமே சார்?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கப்பல்ல வர்ற சரக்காம்மா இது? முப்பத்தஞ்சு நாள்ல கெட்டுப்போற பொருள். செஞ்சு தர்ற கம்பெனியும் கிடையாது. பக்கத்துத் தெருவுல இருக்கிறவன் கையை நீட்டினாத்தான் உண்டு." அன்று அந்த வகுப்பிலிருந்து முப்பத்தேழு பேர் கையை நீட்டினார்கள். நானும் உடன் போயிருந்தேன். கைதட்டினேன். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

அன்பு கொண்ட அவையோரே! உலகத்தின் பற்றாக்குறையைப் பற்றி நானும் மேடைக்கு மேடை பேசியிருக்கிறேன். இன்று அதைப் பேச எனக்கு நா கூசுகிறது. ஏன் கூசுகிறது? சொல்கிறேன்.

எங்கள் வங்கியில் ஒரு பெரிய குளிர்பெட்டி உண்டு. அதில் மேல்தட்டு பொதுவுக்கு. யார் கேட்டாலும் கொடுப்பது. கீழ்த்தட்டு, பேர் கட்டின பைகளுக்கு. ஒருவருக்கு அறுவை சிகிச்சை வைத்திருந்தால், அவருக்குப் பொருந்தும் இரத்தத்தை எடுத்து, அவர் பெயர் எழுதிய ரோஸ் சீட்டைக் கட்டிக் கீழே வைத்துவிடுவோம். மூன்று நாள்தான் கணக்கு. மூன்று நாளில் பயன்படவில்லை என்றால் சீட்டை அவிழ்த்து மேலே ஏற்றிவிட வேண்டும், அது விடாக்கண்டரின் வேலை. நாளை நீட்டிக்க வேண்டுமானால் மருத்துவ அலுவலர் எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு, எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம். வெளியிலிருந்து யாராவது போனில், "இந்த வகை இருக்கிறதா?" என்று கேட்டால் மேல்தட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்வோம். கீழே இருப்பது ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, ஆகவே அது இல்லை! நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பழகியிருந்தோம். விடாக்கண்டர் ஒருவர்தான் முதல் நாளிலிருந்து அதோடு சண்டை போட்டவர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை முடிவானது. அவளுடைய வகை ஓ நெகட்டிவ். அரிதாகக் கிடைப்பது. விடாக்கண்டரே நான்கு கொடையாளர்களை வரவழைத்து நான்கு பைகள் சேர்த்துத் தந்தார். ரோஸ் சீட்டில் என் மனைவியின் பெயரை எழுதி நானே கட்டினேன். அறுவை சிகிச்சை ஒருமுறை தள்ளிப்போனது, அவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. இன்னொரு முறை காய்ச்சல். அடுத்த முறை அறுவை மருத்துவர் விடுப்பில் போனார். மூன்று நாள் ஆறு நாளானது, ஆறு நாள் இருபது நாளானது. விடாக்கண்டர் காலையில் வந்து கேட்பார், "சார், சீட்டை அவுத்துடட்டுமா? அம்மாவுக்குத் தேதி வந்ததும் நான் வேற ஆளைக் கூட்டிட்டு வரேன். அது என் பொறுப்பு." நான் சொல்வேன், "இருக்கட்டும்யா, ரெண்டு நாள் பார்ப்போம்." கையெழுத்துப் போட்டேனா? இல்லை. வாயால் சொன்னேன். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் எழுத்தில் இருக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு மூலையில் கணக்கு ஓடியிருக்கிறது. இன்றைக்கு அதை ஒப்புக்கொள்கிறேன்.

இருபத்தாறாவது நாள். காலை பதினொரு மணி. விடாக்கண்டர் ஒரு தொழிற்சாலையில் முகாம் நடத்தப் போயிருந்தார். வங்கியின் போன் மணி அடித்தது. நான் எடுத்தேன். இருபது நிமிட தூரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பிரசவ மருத்துவமனை. அங்கிருந்து ஒரு செவிலியர் பேசினார். "டாக்டர், ஓ நெகட்டிவ் ரெண்டு பை இருக்கா? குழந்தை பிறந்துடுச்சு, அம்மாவுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது."

நான் எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டைப் பார்த்தேன். வந்து, "இல்லம்மா" என்றேன். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க, அங்க இருக்கும்" என்றேன்.

அவையோரே, அப்போது கீழ்த்தட்டு என் கண்ணில் படவில்லையா? பட்டது! என் கையெழுத்தில், என் மனைவியின் பெயரோடு, நான்கு பைகள் இருந்தன. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. மறக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்திருந்தார்கள். இதைக் கொடுத்துவிட்டால் மறுபடி கிடைக்குமா என்று நினைத்தேன். பெரிய மருத்துவமனையில் கட்டாயம் இருக்கும் என்று நினைத்தேன். அரை நிமிடம் நினைத்திருப்பேன். குளிர்பெட்டியின் கதவைச் சாத்தினேன்.

பெரிய மருத்துவமனை ஒன்றரை மணி நேரத் தூரம். அந்தப் பெண் வழியிலேயே இறந்துபோனாள். வயது இருபத்து நான்கு.

மாலையில் விடாக்கண்டர் நாற்பத்தொரு பைகளோடு திரும்பினார். அந்தச் செவிலியர் அவருக்கும் தெரிந்தவர், வரும் வழியிலேயே போனில் செய்தி சொல்லிவிட்டார். பெட்டிகளை இறக்கக்கூட இல்லை, நேராக வந்து குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். "சார், போனை யார் எடுத்தது?" என்றார். "நான்தான்" என்றேன். கீழ்த்தட்டைக் கைகாட்டினார். பிறகு கேட்டார், "பேர் கட்டிட்டா ரத்தம் இல்லன்னு ஆயிடுமா சார்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? பதில் சொல்லவில்லை. ஒன்பது வருடமாகச் சொல்லவில்லை.

என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு சொட்டு இரத்தம்கூடத் தேவைப்படவில்லை! மறுநாள் நான்கு பைகளுக்கும் கெடு முடிந்தது. அரிய வகை இரத்தம் நான்கு பை வீண் என்றதும் மேலிடத்தில் விசாரணை வைத்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எப்படி இருக்கும்? கொடுத்த பைகளுக்குப் பதிவேடு உண்டு, வீணான பைகளுக்குப் பதிவேடு உண்டு, 'இல்லை' என்று சொன்ன பதிலுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. உலகத்தின் பற்றாக்குறைக் கணக்கில்கூட அவள் வர மாட்டாள். அவளுக்கான இரத்தம்தான் இருந்ததே!

விசாரணைக் குழுவில் மூன்று பேர். விடாக்கண்டரைக் கேட்டார்கள், "மூன்று நாளில் சீட்டை ஏன் அவிழ்க்கவில்லை? நீட்டிக்கச் சொல்லி மருத்துவ அலுவலர் உத்தரவு போட்டாரா?" அவர் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கள் அப்படி ஏதாவது சொன்னீர்களா டாக்டர்?"

"ஞாபகமில்லை" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது. அவர் பதிவேட்டில் அந்த வரி ஏறியது. போனும் நோட்டுமாக இருந்த மேசையிலிருந்து எடுத்து, துணிக்கிடங்கில் போர்வை எண்ணப் போட்டார்கள். எத்தனை உயிரைப் பிடித்து நிறுத்திய மனிதர், தலையணை உறைக்குக் கணக்கு எழுதினார்! நான் என் நாற்காலியிலேயே இருந்தேன்.

அன்று மாலை படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். "ஏன்யா நீ சொல்லல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வெட்கம் இருந்ததா? அதுவும் இல்லை. அவர் சொன்னார், "சார், டாக்டர் இல்லாம ரத்த வங்கி நடத்த உரிமம் கிடையாது. உங்களை எடுத்துட்டா நாளைக்கே பூட்டிடுவாங்க. அப்புறம் எல்லாருக்கும் 'இல்ல'தான். நான் போனா இன்னொருத்தர் போன் பண்ணுவார்." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணோட வீட்டுக்காரருக்குத் தெரியணும். அதை நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்." சரி என்று தலையாட்டினேன்.

விடாக்கண்டர் விட்டாரா? அவர் எப்படி விடுவார்! போர்வை அடுக்குகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, தேநீர் இடைவேளையில், சொந்தப் போனில் கொடையாளர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வரும் பைகளில் பாதி அந்தத் துணிக்கிடங்கிலிருந்துதான் வந்தது. நான் தலையாட்டிய விஷயத்திலும் அவர் விடவில்லை.

அந்தப் பெண்ணின் கணவர் ஒரு கொத்தனார். மனைவி போன நாற்பதாம் நாளோ என்னவோ, வேலைக்குப் போகிற உடையோடு, காலில் சிமெண்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "என் பொண்டாட்டிக்குத்தான் கெடைக்கல. வேற யாருக்காச்சும் ஆகட்டும். எடுத்துக்குங்க" என்றார். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒவ்வொரு முறையும் துணிக்கிடங்கிலிருந்து எனக்கு போன் வரும். "சார், கொத்தனார் வந்திருக்கார். நீங்களே வந்து எடுங்க." அவ்வளவுதான் சொல்வார். மேற்கொண்டு ஒரு வார்த்தை கிடையாது. நான் போவேன். அந்தக் கையைப் பிடிப்பேன். ஊசி போடுவேன். முடிந்ததும் கொத்தனார் எழுந்து உட்கார்ந்து, "ரொம்ப நன்றிங்க டாக்டர்" என்பார். முப்பத்தைந்து முறை நன்றி சொல்லியிருக்கிறார்! முப்பத்தைந்து முறையும் நான் பஞ்சை அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்திருக்கிறேன். கதவருகில் விடாக்கண்டர் நின்றுகொண்டிருப்பார். இன்றைக்காவது நான் சொல்வேனா என்று பார்ப்பார். நான் சொல்லவில்லை என்றதும் போர்வை எண்ணப் போய்விடுவார்.

வங்கியைப் பூட்டிவிடுவார்கள் என்ற காரணம் ஏழு வருடம் எனக்கு வசதியாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்னொரு மருத்துவர் வந்து சேர்ந்தார். உரிமத்துக்கு இனி நான் தேவையில்லை. அப்போதாவது சொன்னேனா? ஓய்வு பெற்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். இன்னும் ஐந்து மாதம்தான். அதற்குள் போன வாரம் துணிக்கிடங்குப் படிக்கட்டில், கையில் போர்வைக் கட்டோடு, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைக்கவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். துணைவியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "எனக்குத் தெரியும் டாக்டர். அன்னிக்கே சொன்னார்" என்றார். "எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? இவரு பேரு கெட்டது இவருக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்தக் கொத்தனாருக்குத் தெரியாம அவர் கையில ஊசி ஏத்துறதைத்தான் தாங்க முடியலன்னு சொல்வார். நாளைக்குக் கூட்டத்துல நல்லவர், வல்லவர்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடாதீங்க. அது எங்களுக்கே தெரியும்."

என் மனைவியிடமும் சொன்னேன். ஒன்பது வருடம் கழித்து! அவள் இன்று வரவில்லை. "எனக்காக வச்சேன்னு மேடையில சொல்லாதீங்க. நான் கேக்கவே இல்ல" என்றாள். உண்மைதான், அவள் கேட்கவில்லை. என் பயத்துக்காக வைத்தேன்.

கண்காணிப்பாளர் அவர்களே, இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுக்கிறேன். நான் சொன்ன அத்தனையும் இதில் கையெழுத்தோடு இருக்கிறது. இந்த முறை எழுத்தில் கொடுக்கிறேன். விசாரணையைத் திறந்து, அவர் பதிவேட்டிலிருந்து அந்த வரியை எடுத்து, எந்தப் பெயருக்கு நேராக எழுத வேண்டுமோ அங்கே எழுதுங்கள். எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள்.

தோழர்களே, இரத்த வங்கிக்காரர்களே, உங்களிடம் ஒரு வாக்குக் கேட்கிறேன். புதிய மருத்துவர் இன்று காலை ஒப்புக்கொண்டுவிட்டார். இனிமேல் யார் போன் செய்தாலும் இரண்டு தட்டையும் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கீழே இருக்கும் பையை உயிர் போகிற ஒருவருக்குக் கொடுக்க யாருடைய கையெழுத்தும் வேண்டாம். சீட்டில் என் பெயர் இருந்தாலும் சரி, அமைச்சர் பெயர் இருந்தாலும் சரி, அவிழ்த்துக் கொடுங்கள். 'இல்லை' என்று சொன்னால் அதற்கும் ஒரு பதிவேடு போடுங்கள். யார் கேட்டார், யார் சொன்னார், எழுதுங்கள். உலகத்தில் இல்லாததை நம்மால் உண்டாக்க முடியாது. இருப்பதை இல்லை என்று சொல்லாமல் இருக்க முடியும். விடாக்கண்டரின் நோட்டில் ஆயிரத்து எழுநூறு கொடையாளர்கள் இருக்கிறார்கள். அந்த நோட்டைத் துணைவியார் என்னிடம் கொடுத்திருக்கிறார். நாளையிலிருந்து துணிக்கிடங்கில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து நான் போன் செய்வேன். வேலையில் வைத்திருந்தாலும் சரி, வெளியே அனுப்பினாலும் சரி, செய்வேன். குளிக்கிறார் என்று சொன்னால் லைனிலேயே இருப்பேன்.

கடைசியாக ஒருவரிடம் பேச வேண்டும்.

கொத்தனார் அவர்களே. ஏழாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து உங்கள் பக்கம் பார்க்காமல்தான் பேசினேன். உங்கள் மகள் பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மேடை ஏறினேன். இதை உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தெருமுனை வரைக்கும் மூன்று முறை வந்து திரும்பியிருக்கிறேன். தனியாகச் சொன்னால் நீங்கள் பெரிய மனதோடு, "போகட்டும் டாக்டர்" என்று சொல்லிவிடுவீர்களோ, அதை வாங்கிக்கொண்டு நான் மறுபடி வாயை மூடிக்கொள்வேனோ என்று பயந்தேன். இப்போது எல்லோரும் கேட்டுவிட்டார்கள், இனி மூட முடியாது.

ஐயா, உங்கள் மனைவிக்கு இரத்தம் கிடைக்கவில்லை என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருந்தது. இருபது நிமிட தூரத்தில் நான்கு பை இருந்தது. இல்லை என்று சொன்ன வாய் இதுதான். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஊசி போட்ட கை இதுதான்.

எழுந்து நிற்கிறீர்கள். தெரிகிறது. உட்காரச் சொல்லி யாரும் அவர் தோளைத் தொடாதீர்கள், வழி விடுங்கள். நான் கீழே இறங்கி வருகிறேன்.